அனுப்புமுன் சற்று நில்லுங்கள்



2018 மார்ச் மாதத்தைக் கண்டி மக்கள் எளிதில் மறக்கமாட்டார்கள். தெல்தெனியவில் வீதித் தகராறொன்றில் தாக்கப்பட்ட சிங்கள லொறிச் சாரதி இறந்தார். தாக்கியவர்கள் முஸ்லிம்கள். அதனோடு எவ்விதத் தொடர்புமற்ற முஸ்லிம் குடும்பங்களின் வீடுகளும் கடைகளும் திகனயிலும் அயலூர்களிலும் எரிந்தன. மார்ச் 6ஆம் திகதி அவசரகால நிலை பிரகடனமாயிற்று. மறுநாள் முகநூலும் வாட்ஸப்பும் முடக்கப்பட்டன.

ஏன் முடக்க வேண்டும்? பகைமூட்டும் செய்திகள் அவற்றின் வழியாகவே பரவின. சில நாட்களுக்கு முன் அம்பாறையிலும், உணவில் கருத்தடை மாத்திரை கலந்ததாக வதந்தி எழுந்தது. அது வெறும் மாவுக் கட்டி எனப் பின்னர் அரச பகுப்பாய்வாளர் கண்டறிந்தார். அதற்குள் பள்ளிவாசலும் கடைகளும் தாக்கப்பட்டுவிட்டன. முகநூல் நிறுவனம் 2020இல் மன்னிப்புக் கோரியது.

அச்சமும் கோபமும் மனிதனைச் சிந்திக்க விடுவதில்லை. ஒரே செய்தி ஐவரிடமிருந்து வந்தால் மனம் அதை உண்மையென நம்பிவிடுகிறது. ஐவருக்கும் அது ஒரே இடத்திலிருந்து வந்திருக்கலாம் அல்லவா? மேலும், பலரையும் கிளறிவிடும் பதிவையே முகநூல் இன்னும் பலர் கண்ணில் படச் செய்கிறது.

பெற்றோரே, இன்றிரவு பிள்ளைகளோடு அமர்ந்து பேசுங்கள். செய்தியொன்று வந்தால் மூன்று கேள்வி கேட்கப் பழக்குங்கள்: கண்டவர் யார்? எப்போது நடந்தது? பக்கத்து வீட்டாரின் முகத்தைப் பார்த்து இதைச் சொல்வேனா?

பொய்ச்சான்றை விலக்கும் எட்டாம் கட்டளை நாவுக்கு மட்டுமல்ல, விரலுக்கும் உரியது.