டைனசோர் பொம்மையும் சின்னப் பிள்ளையும்



சம்பளம் போட்ட வாரம் பாசார் மாலத்திற்குப் போனால் டைனசோர் பொம்மைகளைக் குவித்து வைத்திருப்பார்கள். பிள்ளையும் "அது வேணும்" என்று கையை நீட்டும். "பல்லும் நகமுமா இருக்கு, இதப் போய் வாங்கணுமா?" என்பார்கள் சிலர். வேறு சிலர், வாங்கிக் கையில் கொடுத்துவிட்டால் பிள்ளைக்கு அறிவு தானாக வளரும் என்று நினைப்பார்கள். இரண்டும் சரியல்ல. பொம்மை வெறும் சாமான்தான். பக்கத்தில் உட்கார்ந்து பேசி விளையாட ஓர் ஆள் இருந்தால்தான் அது பாடமாகும். ஒன்று முதல் மூன்று வயது வரையுள்ள பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறோம்.

டைனசோர் என்றால் என்ன?

பிள்ளை கேட்டால் பதில் சொல்ல நமக்கும் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். டைனசோர்கள் மிகப் பழங்காலத்து விலங்குகள். சுமார் 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் பெரிய விண்கல் ஒன்று பூமியில் மோதியது. அதையொட்டி அவை அழிந்து போயின. அந்த வம்சத்தில் மிஞ்சியவை பறவைகள் மட்டுமே. உங்கள் வீட்டு வாசலில் மேயும் கோழியும் அந்த வம்சம்தான்! நம் நாட்டிலும் டைனசோர் இருந்திருக்கிறது. 2012-இல் மலாயாப் பல்கலைக்கழகத்தாரும் ஜப்பானிய ஆராய்ச்சியாளர்களும் சேர்ந்து தேடியபோது பகாங் மாநிலத்தில் டைனசோர் பல் ஒன்று கிடைத்தது.

வயதுக்கு ஏற்ற விளையாட்டு

1. ஒரு வயது முதல் ஒன்றரை வயது வரை: பொம்மைகளை ஒரு வாளியில் போடுவதும் எடுப்பதுமே இந்த வயதுக்குப் பெரிய விளையாட்டு. "போடு", "எடு", "எங்கே காணோம்? இதோ இருக்கு!" என்று சொல்லிக்கொண்டே செய்யுங்கள். கைவிரல்கள் பழகும், சொல்லும் காதில் ஏறும். ஒரு துணிக்குக் கீழே மறைத்து வைத்துத் தேடச் சொல்லுங்கள். கண்ணுக்குத் தெரியாத பொருளும் இருக்கிறது என்பதைப் பிள்ளை இப்படித்தான் கற்றுக்கொள்கிறது.

2. ஒன்றரை முதல் இரண்டு வயது வரை: டைனசோர் மாதிரி "தொம், தொம்" என்று இருவரும் நடங்கள், உறுமுங்கள், குதியுங்கள். இது கால்களுக்குப் பலம், வாய்க்கும் பயிற்சி. கோதுமை மாவைப் பிசைந்து தட்டி, அதில் பொம்மையின் காலை அழுத்தித் தடம் பதிக்கலாம்.

3. இரண்டு முதல் மூன்று வயது வரை: பொம்மைக்குச் சோறு ஊட்டச் சொல்லுங்கள், தூங்க வைக்கச் சொல்லுங்கள். "பெரிசு எது? சின்னது எது? கொம்பு எத்தனை?" என்று கேளுங்கள். மூன்று கொம்பு உள்ளது இலை தின்னும், கூரிய பல் உள்ளது இறைச்சி தின்னும் என்று கதையாகச் சொல்லலாம். "பாவம், அதுக்குப் பசிக்குது" என்று பிள்ளை சொன்னால், பிறர் மனதை நினைத்துப் பார்க்கக் கற்கிறது என்று பொருள்.

ஒன்றை மறக்க வேண்டாம். கேள்வி கேட்டால் உடனே நீங்களே பதில் சொல்லிவிடாதீர்கள். கொஞ்சம் பொறுங்கள். பிள்ளை "ஆ" என்றாலும் அதுவும் பதில்தான். அது சொன்னதை எடுத்து ஒரு சொல் கூட்டிச் சொல்லுங்கள். "தண்ணி" என்றால், "ஆமாம், தண்ணி குடிக்குது" என்று சொல்லுங்கள்.

நேரம் எங்கே?

விடியற்காலையில் பெரட்டுக்குப் போய், களைத்துத் திரும்புகிறவர்களுக்கு நேரம் குறைவு என்பது தெரிந்ததே. மாலையில் கால் மணி நேரம் போதும். குளிக்க வைக்கும்போது பொம்மையையும் சேர்த்துக் கழுவச் சொன்னால் அதுவும் விளையாட்டுதான். பகலில் பிள்ளையைப் பார்க்கும் பாட்டிக்கும் ஆயாவுக்கும் இதைச் சொல்லிக் கொடுங்கள். பிள்ளை அழுதவுடன் கைப்பேசியில் டைனசோர் படம் போட்டுக் கொடுப்பது சுலபம்தான். ஆனால் படம் பிள்ளைக்குப் பதில் பேசாது. ஒரு வயதுப் பிள்ளைக்குத் திரை வேண்டாம், இரண்டு முதல் நான்கு வயது வரை நாளைக்கு ஒரு மணி நேரத்திற்கு மேல் கூடாது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் அறிவுறுத்தியது.

ஆபத்தைக் கவனியுங்கள்

சின்னப் பிள்ளைக்கு எல்லாமே வாய்க்குப் போகும். ஆகவே:

• டாய்லட் பேப்பர் சுற்றிவரும் அட்டைக் குழாய்க்குள் நுழையும் அளவுள்ள பொம்மை, மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு வேண்டாம். தொண்டையில் அடைத்துக்கொள்ளும்.

• தண்ணீரில் போட்டால் ஊதிப் பெருக்கும் டைனசோர், முட்டை, மணி எதுவும் வேண்டாம். விழுங்கினால் குடலில் பெருத்து அடைத்துவிடும்.

• உறுமும் பொம்மையில் பட்டன் பேட்டரி இருக்கலாம். அதன் மூடி ஸ்க்ரூ போட்டு இறுக்கியிருக்க வேண்டும். விழுங்கிவிட்டால் இரண்டு மணி நேரத்திற்குள்ளேயே உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். வாந்தி எடுக்க வைக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

• காலியான மருந்து டின், போத்தல் எதையும் விளையாடக் கொடுக்காதீர்கள். கழுவினாலும் விஷம் விஷம்தான்.

பொருள் தொண்டையில் அடைத்துப் பிள்ளை பலமாக இருமினால் இருமவிடுங்கள். இரும முடியாமலும் அழ முடியாமலும் திணறினால், குனிய வைத்து இரு தோள்பட்டைக்கு நடுவில் உள்ளங்கையின் அடிப்பாகத்தால் ஐந்து முறை தட்டுங்கள். ஒருவர் 999-ஐ அழைக்கட்டும். பொருள் கண்ணுக்குத் தெரியாதபோது வாய்க்குள் விரலை விட்டுத் துழாவாதீர்கள். இன்னும் உள்ளே போய்விடும்.

எப்போது கிளினிக்குக்குப் போவது?

ஒன்றரை வயதில் நடக்காவிட்டாலும், இரண்டு வயதில் "பால் வேணும்" போல இரண்டு சொல் சேர்த்துப் பேசாவிட்டாலும், கூப்பிட்டால் திரும்பிப் பார்க்காவிட்டாலும், பேசிய சொற்களை விட்டுவிட்டாலும் கிளினிக்கில் மிஸ்ஸியிடம் காட்டுங்கள். "அவங்கப்பாவும் லேட்டாத்தான் பேசினாரு" என்று காத்திருக்க வேண்டாம். காது கேட்கிறதா என்று பார்க்க வேண்டியிருக்கும். முன்னதாகத் தெரிந்தால் பயிற்சி கொடுத்துத் தேற்றுவது எளிது.

பொம்மை வாங்கப் பணம் இல்லையே என்று வருந்தாதீர்கள். அட்டைப் பெட்டியில் டைனசோர் வரைந்து வெட்டிக் கொடுத்தாலும் பிள்ளை அதே மகிழ்ச்சியோடு விளையாடும். இன்று மாலையே பாயை விரித்து உட்கார்ந்து ஆரம்பியுங்கள்.