அறிந்தவரும் தயங்கியது ஏன்?

நோய் உண்டாக்கும் ஆற்றலை இழந்த கிருமியையோ அதன் ஒரு பகுதியையோ உடலில் செலுத்தினால், உடல் அதற்கான எதிர்ப்பொருள்களை உண்டாக்கிக்கொள்ளும் என்று படித்திருக்கிறீர்கள். இதை நன்கு அறிந்தவர் தடுப்பூசி போட்டுக்கொள்ளத் தயங்குவாரா?

2021 ஜனவரி 16 அன்று இந்தியாவில் கொரோனா தடுப்பூசிப் பணி தொடங்கியது. தமிழ்நாட்டில் அதன் தொடக்க விழா மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் நடந்தது. 1954-இல் நிறுவப்பட்ட மதுரை மருத்துவக் கல்லூரியின் மாணவர்கள் பயிற்சி பெறும் இடம் அது. மருத்துவர்கள், செவிலியர்கள், மருத்துவ மாணவர்கள் ஆகியோருக்கே முதலிடம். மாநிலத்தில் 166 மையங்கள் ஆயத்தமாக இருந்தன. ஆயினும் முதல் நாளில் எதிர்பார்த்தவர்களில் பாதிப் பேர்கூட வரவில்லை!

இதற்குக் காரணம் அறியாமை மட்டுமா? அல்ல. அன்று இருந்தவை கோவிஷீல்டு, கோவாக்சின் என்னும் இரண்டு தடுப்பூசிகள். இவற்றுள் கோவாக்சின் நோயைத் தடுக்கிறதா என்று காட்டும் மூன்றாம் கட்டச் சோதனையின் முடிவு அப்போது வெளிவரவில்லை. "சான்று எங்கே?" என்று கேட்பது அறிவியல் மாணவனின் கடமை அல்லவா?

சான்று மார்ச் 3-ஆம் நாள் வந்தது. சோதனையில் சேர்ந்தவர் ஏறத்தாழ 25,800 பேர். பாதிப் பேருக்குத் தடுப்பூசி. மறுபாதிக்குக் கிருமிப்பொருள் இல்லாத வெற்றூசி. அதுவரை நோயுற்றவர் 43 பேர். அவர்களுள் வெற்றூசி பெற்றவர் 36, தடுப்பூசி பெற்றவர் 7. இரு குழுக்களும் சமமானவை. ஆகவே 36-இல் 29 குறைந்திருக்கிறது. அதாவது சுமார் 81 விழுக்காடு பாதுகாப்பு.

சான்று கேட்கும் ஐயம் நல்லது. சான்று வந்த பின்னும் அசையாத ஐயம் வெறும் அச்சமே. காத்திருப்பதற்கும் ஒரு விலை உண்டு. அவ்வாண்டு மே மாதத்தில் இரண்டாம் அலை தமிழ்நாட்டைக் கடுமையாகத் தாக்கியது.

இதனால்தான் ஆய்வாளர்கள் மருத்துவ மாணவர்களிடம் மூன்றையும் தனித்தனியே கேட்கிறார்கள். தடுப்பூசி எப்படி வேலை செய்கிறது? இது அறிவு. அதை நம்புகிறீர்களா? இது மனப்பான்மை. போட்டுக்கொண்டீர்களா? இது நடத்தை. மூன்றும் எப்போதும் ஒத்துப்போவதில்லை. நாளை மேலூரிலோ உசிலம்பட்டியிலோ ஒரு பாட்டி, "நீங்க போட்டுக்கிட்டீங்களா, டாக்டர்?" என்றுதான் முதலில் கேட்பார். அந்த மருத்துவரின் விடையைப் பொறுத்தே ஊரின் விடையும் அமையும்.

செய்து பாருங்கள்: இதே சோதனையின் இறுதிக் கணக்கில் நோயுற்றவர் 130 பேர். வெற்றூசி பெற்றவர் 106, தடுப்பூசி பெற்றவர் 24. பாதுகாப்பு எத்தனை விழுக்காடு?