யாழ்தேவிக்குப் பெயர் எழுதுவது எப்படி?

கேள்வி: பிளாஸ்டிக் தகட்டில் 1:87 அளவில் யாழ்தேவி ரயிலின் எம்2 எஞ்சினைச் செய்து, பளபளப்பில்லாத பெயின்ற் பூசியிருக்கிறேன். டெக்கால் தாளில் அச்சடித்த எழுத்துகளை ஒட்டினால், சுற்றிலும் வெள்ளிபோல ஒரு படலம் தெரிகிறது. வெள்ளை எழுத்து அச்சில் வரவேயில்லை. என்ன செய்யலாம்?
— வாசகர், உடுப்பிட்டி

பதில்: அந்தப் படலம் வெறும் காற்றுத்தான். பளபளப்பில்லாத பெயின்றின் மேற்பரப்பு நுண்ணிய மேடுபள்ளம். டெக்கால் மேடுகளில் மட்டும் ஒட்டும். பள்ளத்தில் அகப்பட்ட காற்று வெளிச்சத்தில் மின்னும். ஆகவே முதலில் பளபளப்பு வார்னிஷ், அது நன்றாகக் காய்ந்தபின் டெக்கால், கடைசியில் மங்கல் வார்னிஷ். ஏற்கனவே ஒட்டியதை உரிக்க வேண்டாம். ஊசிமுனையால் அங்கங்கே குத்தி, டெக்காலை இளக்கும் திரவத்தைத் தூரிகையால் தொட்டு வையுங்கள். எழுத்து சுருங்குவதுபோல இருக்கும்; கை வைக்காதீர்கள், காயும்போது தானாகப் படியும்.

வீட்டுப் பிறின்ரர் வெள்ளை அடிக்காது. வெள்ளை டெக்கால் தாளில் பின்னணி நிறத்தை மட்டும் அடித்து, எழுத்துக்குரிய இடத்தை வெறுமையாக விடுங்கள். வெட்டிய ஓரத்தில் தெரியும் வெள்ளையை அதே நிறத்தால் தொட்டு மறைக்கலாம். இங்க்ஜெற் பிறின்ரர் என்றால், தண்ணீரில் போடமுன் தாளுக்கு வார்னிஷ் தெளியுங்கள். இல்லாவிட்டால் மை கரைந்தோடும்.

உண்மையில் 20 சென்ரிமீற்றர் உயரமான எழுத்து உங்கள் எஞ்சினில் 2.3 மில்லிமீற்றர்தான். 'தே'யின் சுழி அடைபட்டுப் புள்ளியாகிவிடும். மெல்லிய எழுத்துருவை எடுத்து, இடைவெளியைச் சற்றுக் கூட்டுங்கள்.

எந்த ஆண்டின் எஞ்சின் என்பதையும் தீர்மானித்துக்கொள்ளுங்கள். கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடா தந்த எம்2 எஞ்சின்கள் 1954இல் வந்தன. யாழ்தேவி 1956 ஏப்ரலில் ஓடத் தொடங்கி, 1990இல் யாழ்ப்பாணத்துக்கு வராமல் நின்று, 2014இல் திரும்பி வந்தது. ஒரே ஆண்டின் ஒளிப்படத்தைப் பார்த்து நிறம், எண், பெயர் மூன்றையும் எடுங்கள். எஞ்சின் எண் 569 என்றால் அதன் பெயர் ஒன்ராறியோ, 570 என்றால் அல்பேர்ட்டா. மாறிப்போனால், அந்தக் காலத்துக் கோச்சியில் போய்வந்தவர் உடனே பிடித்துவிடுவார்.

ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் வார்னிஷ் தெளித்தால் வெண்மை பூக்கும். வெயில் நாளுக்குப் பொறுத்திருங்கள். அதுவரை எழுத்துகளைச் சாதாரணக் கடதாசியில் அடித்து, எஞ்சினில் வைத்து அளவு பாருங்கள்.