இனிப்புநீரும் இதயமும் மூளையும்

என் மாமாவுக்கு ஒருநாள் காலையில் வேர்த்துக் கொட்டியது, மூச்சு வாங்கியது. நெஞ்சுவலி இல்லை. "வாயுவா இருக்கும், கொஞ்சம் சுடுதண்ணி குடுங்க, சரியாப் போயிடும்" என்றார். மாலையில் மருத்துவமனைக்குப் போன பிறகுதான் அது மாரடைப்பு என்று தெரிந்தது. அவருக்குப் பதினைந்து வருடமாக இனிப்புநீர்.

வலி ஏன் வரவில்லை? நீண்டநாள் இனிப்புநீர் நரம்புகளைக் கெடுத்துவிடும். அதனால் இதயம் தவித்தாலும் வலி சரியாகத் தெரியாது. களைப்பு, வேர்வை, மூச்சுத்திணறல் மட்டுமே வரலாம்.

2019 தேசிய சுகாதார ஆய்வுப்படி மலேசியாவில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர். இந்தியர்களிடையே இது இன்னும் அதிகம். இரத்தத்தில் சீனி கூடினால் இரத்தக் குழாயின் உட்சுவர் கெடுகிறது. அங்கே கொழுப்பு படிந்து, குழாய் குறுகி, இரத்தம் உறைகிறது. இதயக் குழாய் அடைத்தால் மாரடைப்பு. மூளைக் குழாய் அடைத்தால் பக்கவாதம்.

ஆபத்தைக் கூட்டுபவை எவை?

1. இரத்தக் கொதிப்பு: 130/80-ஐத் தாண்டிக்கொண்டே இருந்தால் மருத்துவரிடம் பேச வேண்டும்.
2. கெட்ட கொழுப்பு: சீனி அளவு நல்லா இருந்தாலும் இதைத் தனியாகப் பரிசோதிக்க வேண்டும்.
3. சிகரெட்: இனிப்புநீரோடு இதுவும் சேர்ந்தால் குழாய்களுக்கு இரட்டை அடி.
4. தொப்பை: இடுப்பளவு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டக்கூடாது.
5. சிறுநீரகக் கோளாறு: சிறுநீரில் புரதம் போவது இதயத்துக்கும் எச்சரிக்கை.
6. குடும்பத்தில் இளவயதிலேயே மாரடைப்பு வந்திருப்பது.

கடைசி ஒன்றை மாற்ற முடியாது. மற்றவை பெரும்பாலும் நம் கையில்தான். மூன்று மாத சராசரி சீனியைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி பலருக்கு 7 விழுக்காட்டுக்குக் கீழ் இருப்பது நல்லது. "இப்ப நல்லாத்தானே இருக்கேன்" என்று மாத்திரையை நிறுத்தாதீர்கள். டின் பால் போட்ட தே தாரிக்கைக் குறையுங்கள். வாரத்தில் ஐந்து நாள், அரை மணி நேரம் வேகமாக நடங்கள்.

வாய் ஒரு பக்கம் கோணினால், ஒரு கை தூக்க வராவிட்டால், பேச்சு குளறினால் அது பக்கவாதமாக இருக்கலாம். உடனே 999. அடைப்பைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் கொடுத்தாக வேண்டும். கை வைத்தியம் பார்த்து நேரத்தை விட்டுவிடாதீர்கள்.

தம்பி தங்கைகளே, இந்த வாரமே அப்பா அம்மாவின் கிளினிக் புத்தகத்தை வாங்கிப் பாருங்கள். சீனி, இரத்தக் கொதிப்பு, கொழுப்பு மூன்றும் அதில் இருக்கிறதா? இல்லையென்றால் அடுத்த முறை நீங்களே கூடப் போய்க் கேளுங்கள்.