பேத்தமங்களா ஏரியும் குடியேறிகளும்

கோலார் தங்கவயலைப் பற்றி எழுதுவோர் தங்கத்தோடு நின்றுவிடுகிறார்கள். ரயில்வேயில் பொறியாளராக இருந்த எனக்கோ முதலில் கண்ணில் படுவது தண்ணீர்தான். (நீராவி என்ஜினுக்கும் அதுதானே உயிர்!)

1880களில் ஜான் டெய்லர் கம்பெனி சுரங்கம் தோண்டத் தொடங்கியபின், வட ஆற்காடு, சேலம் பகுதிகளிலிருந்து நம்மவர் ஆயிரக்கணக்கில் குடியேறினர். அவர்களுக்குக் குடிநீர் தந்தது பாலாற்றின் குறுக்கே அமைந்த பேத்தமங்களா ஏரி. சுற்றுப்புற உழவர்களுக்கும் அதே ஏரிதான்.

வந்தவர்கள் வாய்மூடி இருக்கவில்லை. 1930இல் கைரேகைப் பதிவை எதிர்த்து வேலைநிறுத்தமே செய்தார்கள். ஆனால் அது நிர்வாகத்தோடு நடந்த வழக்கு. பக்கத்து ஊராரோடு அமர்ந்து ஏரியைப் பற்றிப் பேசுவது வேறு. சுரங்கம் 2001 பிப்ரவரி 28இல் மூடப்பட்டபின் அதன் தேவை கூடியிருக்கிறது என்பேன்.

அதற்கான இடம் கிராம சபை. அரசியல் சட்டத்தின் 243ஆம் பிரிவு அதில் மொழியையோ பூர்விகத்தையோ கேட்பதில்லை. அந்த ஊர் வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் போதும். ஆகவே பேத்தமங்களா பக்கம் வீடு மாறியவர்கள் முதலில் 8ஆம் எண் படிவத்தை நிரப்பிக் கொடுங்கள். பிறகு ஏரித் தூர், குழாய் நீர் பற்றிய கேள்வியைக் கன்னடத்தில் எழுதிக்கொண்டு சபைக்குப் போங்கள். எழுத வராதவர்களுக்கு நம் பிள்ளைகள் பள்ளியில் படித்த கன்னடம் உதவும்.