கண்ணாடிக்குள் ஒரு கண்

கேள்வி: பாலக்காட்டு ரோட்டில் ஜல்லி லாரியிலிருந்து தெறித்த கல்லில் முன் கண்ணாடி விரிந்துவிட்டது. பழைய காரில் சில ஆயிரத்தில் முடிந்த வேலைக்கு இப்போது பல மடங்கு கேட்கிறார்களே, நியாயமுங்களா?
- வாசகர், மதுக்கரை

பதில்: உங்கள் காரில் அடாஸ் எனும் ஓட்டுநர் உதவி வசதி இருந்தால், பெரும்பாலும் நியாயம்தானுங்க. இன்றைய கார்களின் முன் கண்ணாடி இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் ஒட்டியதுதான். அடாஸ் உள்ள கார்களில் பெரும்பாலும் அதன் பின்னே, பின்பார்வைக் கண்ணாடிக்கு அருகில், சாலையைப் பார்க்கும் கேமரா இருக்கிறது. தானாக பிரேக் போடுவதும் தடம் காப்பதும் அதை நம்பித்தான். கண்ணாடியை மாற்றினால் கேமராவின் பார்வையையும் சரிபார்த்து அளவுதிருத்தம் செய்ய வேண்டும். “ஓடுதே, போதாதா?” என்பார் மெக்கானிக். கேமரா பக்கவாட்டில் ஒரே ஒரு டிகிரி விலகினாலும் 100 மீட்டர் தூரத்தில் பிழை 1.75 மீட்டர், 3.5 மீட்டர் தடத்தில் அது சரிபாதி. பக்கத்துத் தடத்து லாரியை உங்கள் தடத்தில் வருவதாக எண்ணி கார் பிரேக் போட்டால்? பில்லில் மிச்சம் பிடிக்கும் இடம் இதுவல்ல.

இன்சூரன்ஸ் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, முழுக் காப்பீட்டில் கண்ணாடிக்குத் தேய்மானக் கழிவு கிடையாது. ஆனால் க்ளெய்ம் செய்தால், தனிப் பாதுகாப்பு வாங்கியிராவிட்டால், சொந்தச் சேதப் பிரீமியத்தில் 50 சதவீதம் வரை தள்ளுபடியாகச் சேர்ந்திருக்கும் நோ க்ளெய்ம் போனஸ் போய்விடும். சாதாரணக் கண்ணாடிக்குக் கைக்காசு போடுவதே லாபமாகலாம். கேமரா உள்ள காருக்குக் கணக்கு பெரும்பாலும் தலைகீழ்.