கொம்பைத் தட்ட வேண்டாம், புழுக்கையைத் தேடுங்கள்

மான்கள் இணைசேரும் பருவத்தில் அமெரிக்க வேட்டைக்காரர்கள் இரண்டு கொம்புகளை மோதிச் சத்தம் எழுப்புவார்கள். எங்கோ சண்டை நடக்கிறது என்று நம்பி ஆண்மான் ஓடிவரும். அந்த வீடியோக்களைப் பார்த்துவிட்டு, செண்பகத்தோப்புப் பக்கம் மிளாக் கொம்பு கிடைக்குமா என்று கேட்பவர்கள் சிவகாசியில் இருக்கிறார்கள். கிடந்தாலும் தொடாதீர்கள். அது சரணாலயம்; அங்கிருந்து கொம்பை எடுத்து வருவதே குற்றம். வெடியைப் போட்டுக் கிளப்பலாம் என்ற யோசனையும் வேண்டாம். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில், விலங்கை விரட்டுவதும் வேட்டைக் கணக்குத்தான்.

கொம்புச் சண்டையைப் பார்க்க ஆசையென்றால் வல்லநாட்டுக்குப் போங்கள். சிவகாசியிலிருந்து சாத்தூர், கோவில்பட்டி வழியாகத் திருநெல்வேலி. அங்கிருந்து தூத்துக்குடிச் சாலை. 1987இல் அமைந்த இந்த வெளிமான் சரணாலயம் 16.41 சதுர கிலோமீட்டர்தான். முறுக்கிய கொம்பு கொண்ட வெளிமானுக்கு, மிளாவைப்போல் கொம்பு உதிராது.

வெளிமான் ஆண்டு முழுதும் இணைசேரும். மார்ச்-ஏப்ரலிலும் ஆகஸ்ட்-அக்டோபரிலும் மும்முரம். பின்னது தீபாவளிச் சரக்கு போகும் நேரம், பட்டாசுத் தொழிலில் இருப்பவர்களுக்கு ஒழியாது. விருதுநகர் பங்குனிப் பொங்கலை ஒட்டிப் போவதே என் கட்சி. வனத்துறையிடம் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். மண்நிறச் சட்டை, பைனாகுலர், தண்ணீர் போதும்.

எல்லோரும் சறுக்குவது உட்காரும் இடத்தில்தான். மான் கூட்டத்தைக் கண்டதும் அதை நோக்கி நடக்கிறார்கள். அது நகர நகர இவர்களும் நகர்கிறார்கள், பொழுது போய்விடுகிறது. கூட்டத்தை விடுங்கள். எல்லை பிடித்த ஆண்மான் ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் புழுக்கை போடும். பழசின்மேல் புதுசு, ஈரம் காயாமல் கிடந்தால் ஆள் ஊரில் இருக்கிறார் என்று அர்த்தம். நீங்கள் கூப்பிடவே வேண்டாம், அதுவே வரும். பாதையை விட்டு இறங்காமல், அந்தக் குவியல் தெரியும்படி, நன்றாகத் தள்ளி ஒரு முட்புதரின் நிழலில் உட்காருங்கள். காலையில் கிழக்கு உங்கள் முதுகுப்பக்கம் இருக்கட்டும்; வெயில் அதன் கண்ணில் படும், உங்கள் கண்ணில் படாது. மேட்டில் மட்டும் உட்காராதீர்கள், வானத்தின் பின்னணியில் உங்கள் தலை தனியாகத் தெரியும். காற்று எந்தத் திசை என்று மண்ணைத் தூவிப் பார்ப்பதெல்லாம் மிளாவுக்கு. வெளிமானுக்கு மூக்கைவிடக் கண்தான் காவல். கொசு கடித்தாலும் கை எழக்கூடாது. போனை அணைத்துவிடுங்கள்; மௌனத்தில் போட்டால் போதாது, திரை மின்னும்.

ஆண்மான் வந்த பிறகு அதன் கழுத்தைப் பாருங்கள். மூக்கை உயர்த்தி, கொம்பை முதுகில் சாய்த்து, காதைத் தாழ்த்திக்கொண்டு அது விறைப்பாக நடக்கும். எதிராளி பழுப்பு நிறத்து இளவட்டமென்றால் அதைப் பார்த்தே நழுவிவிடும். அதுவும் கருத்த ஆணாக இருந்து, அதேபோல் நடந்து வந்தால்தான் கொம்பு மோதும். சண்டை நொடிகளில் முடிந்துவிடலாம். அப்போது படமெடுக்க எழுந்திருக்காதீர்கள். தோற்றது ஓடியதும் ஜெயித்தது பெரும்பாலும் குவியலுக்கே திரும்பும். நல்ல படம் அப்போதுதான் கிடைக்கும்.